கொடும்பாளூர்ச் சோறும் கொழும்புக் கப்பலும்

மதுரைக்கு வழி கேட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் சொன்ன விடையில் ஓர் ஊர் வருகிறது: கொடும்பை. அவ்வூரின் ஏரிக்கரையைக் கடந்தால் சாலை மூன்றாகப் பிரியும் என்றான் அவன். ஒவ்வொரு வழியிலும் உள்ள இன்னலையும் விந்தையையும் விரித்துரைத்தான். மூழ்கி எழுந்தால் எண்ணியதைத் தரும் பொய்கைகள் ஒரு வழியில் உண்டு என்று ஆசையும் காட்டினான். உடன் வந்த கவுந்தியடிகள், அந்தப் பொய்கைகளின் பயன் எமக்கு வேண்டா என மறுத்துவிட்டு நல்ல வழியைத் தேர்ந்தார். பொய்கையை நம்பாமல் பாதையை நம்பியவர் அந்த அம்மையார்!

அந்தக் கொடும்பைதான் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என்பர் ஆராய்ச்சியாளர். திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையை அடுத்து இருக்கிறது. அன்று சேரநாட்டு மிளகும் பாண்டிநாட்டு உப்பும் போன தடத்தில் இன்று சரக்குந்துகள் இரவு பகலாக ஓடுகின்றன. வழியூர் என்பது அதன் பழைய பெருமை, இன்றும் வழியூர்தான்.

அங்குச் செல்வோர் மூவர் கோயிலைக் காண்கின்றனர். மூன்றில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவது அடித்தளமாகக் கிடக்கிறது. இருக்குவேள் மரபினனான பூதி விக்கிரமகேசரி, தன் பெயரால் ஒன்றும், தன் தேவியரான கற்றளி, வரகுணை பெயரால் இரண்டும் எடுப்பித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. சிற்ப நேர்த்தியைப் புகழும் நூல்கள் பல உண்டு. நாம் பேச வந்தது சிற்பம் அன்று, சோறு. அதே கல்வெட்டு இன்னொரு செய்தியையும் சொல்கிறது. மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடத்தையும், ஐம்பது துறவிகள் உண்பதற்கெனப் பதினோரு ஊர்களையும் மன்னன் அளித்தானாம்.

ஐம்பது வயிறுகள், பதினோரு ஊர்கள்! அந்தப் பதினோரு ஊரிலும் ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும், வானம் பொய்த்த ஆண்டில் எந்த ஊர் எழுதி வைக்கப்பட்டது? கல் பேசவில்லை. ஆனால் ஏற்பாடு என்ற அளவில் அதில் குறை காண இயலாது. உணவு எங்கிருந்து வரும், எத்தனை பேருக்கு, யார் பொறுப்பில் என்ற மூன்றும் தெளிவாக வெட்டப்பட்டுள்ளன. பசித்தவர்க்குச் சோறு கொண்டு செல்ல முனைவோர், அரசராயினும் உலக மன்றமாயினும், இன்றும் விடை கூற வேண்டிய கேள்விகள் அவையே. நான்காவதாக ஒன்று உண்டு: எந்த வழியாக?

வழி தவறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழிலக்கியம் ஒரு கதையாகவே வைத்திருக்கிறது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைத்துப் பாருங்கள். வேள்விப் பசுவை மீட்டதற்காக ஊரார் ஒதுக்கிய இளைஞன் அவன். மதுரையிலே குருடர்க்கும் முடவர்க்கும் பிச்சை எடுத்துச் சோறிட்டு, எஞ்சியதை உண்டு வாழ்ந்தான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. பிறகு நாட்டில் மழை பொழிந்தது, விளைச்சல் பெருகியது, அவனிடம் கையேந்த ஆளில்லை. அப்போது சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்ற செய்தியைக் கப்பலிலிருந்து வந்தோர் கூறினர். புறப்பட்டான். காற்று மாறியதால் மணிபல்லவத்திலே கப்பல் தங்கியது, அவன் கரையிறங்கினான், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத் தீவில், உலகையே ஊட்டக்கூடிய பாத்திரத்தோடு நின்றான் ஆபுத்திரன். தன் ஒரு வயிற்றுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த மனமின்றி, பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறந்தான்.

குறையாத கலம் உண்டு என்பதை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் கதை சொன்ன சாத்தனார் உண்மையொன்றை அறிந்திருந்தார். சோறு ஓரிடத்தில், பசி ஓரிடத்தில். நடுவே கப்பல் தவறினால், வற்றாத கலமும் வெறும் ஓடு.

இது கதை. வரலாற்றில் இதே செய்தி இலட்சக்கணக்கான பிணங்களின்மீது எழுதப்பட்டது.

1876-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழர் அதைத் தாது வருடப் பஞ்சம் என்றனர். வருடத்தின் பெயரே சாவின் பெயராயிற்று. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. இது விதி என்றனர் சிலர், கலியின் கோலம் என்றனர் சிலர். மழை பெய்யாமற் போனது இயற்கையின் செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில், 1877–78-இல், இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ 3,20,000 டன் கோதுமை ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதே, அதை எந்த மேகம் ஏற்றியது? எந்தக் கிரகம் இழுத்துச் சென்றது?

அரசப் பிரதிநிதி லிட்டன், 1877 சனவரி முதல் நாள், விக்டோரியாவைப் பேரரசி என அறிவிக்கத் தில்லியிலே தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகனோ, வரப்போகும் கேட்டை உணர்ந்து 30,000 டன் தானியத்தை ஒரு வணிக நிறுவனத்தின் மூலம் சந்தடியின்றி வாங்கினார். பாராட்டா கிடைத்தது? கண்டனம்! வணிகத்தில் அரசு தலையிடலாகாதாம். விலை ஏறினால் தானியம் தானாக வந்து சேருமாம். வந்தது, காசு இருந்த இடத்துக்கு. தந்தி ஓரூர் விலையை மறு ஊருக்குச் சொன்னது. விலையும் அன்றே அங்கே ஏறியது. கூலி இழந்த உழவுத் தொழிலாளிக்குத் தந்தி என்ன செய்யும்? அங்காடியில் அரிசி இருந்தும் அவன் செத்தான். வாங்கும் சக்தி செத்துப்போன பின் வயிறு எத்தனை நாள் தாங்கும்?

சிக்கனம் காக்க லிட்டன் அனுப்பிய ஆள் சர் ரிச்சர்டு டெம்பிள். பெயரின் பொருள் கோயில். வேலையோ படியளப்பைக் குறைப்பது! இவருடைய முன்கதை அறியத்தக்கது. 1873–74-இல் வங்காளம், பீகார்ப் பகுதிகளில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து ஐந்து இலட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைந்த அரிசியைக் கொணர்ந்து வழங்கினார். சாவு மிகக் குறைந்தது. அதற்கு அவர் பெற்ற பரிசு ஊதாரி என்ற ஏச்சு. மக்களைக் காப்பாற்றியது குற்றம் எனக் கற்றுக்கொண்டவர், சென்னைக்கு வந்தபோது அந்தக் குற்றத்தை மீண்டும் செய்யவில்லை. நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அதிலிருந்து கிடைப்பது சுமார் 1,600 கலோரி. அதை உண்டு அவன் மண் சுமக்க வேண்டும், கல் உடைக்க வேண்டும். இன்று பேரிடர் நிவாரணத்தில், உழைக்கச் சொல்லாமலே, சராசரி ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்று கணக்கிடுகின்றனர். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்தக் கூலி மெல்லக் கொல்லும் கூலி என்ற கருத்தில் விடாது வாதாடினார். 1877-இல் சென்னை அரசு படியை உயர்த்தியது. அதற்குள் புதைகுழிகள் நிறைந்துவிட்டன. வெள்ளை அதிகாரிகளிலும் கார்னிஷ்கள் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

புதுக்கோட்டைச் சீமைக்கு வருவோம். அன்று அது தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானம். நவராத்திரியின்போது அரிசியும் அம்மன் காசும் வழங்கும் வழக்கம் அங்கிருந்தது. விழாத் தருமம் பஞ்சாங்கம் பார்த்து வரும். பசிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. நாகப்பட்டினம்–திருச்சி இருப்புப்பாதை 1860களிலேயே வந்துவிட்டது; திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இல் பாதை நீண்டது. ஆனால் அது மணப்பாறை, திண்டுக்கல் வழியாக ஓடியது. கோவலன் காலத்து முச்சந்தி ஒதுக்கப்பட்டது. புதுக்கோட்டை நகருக்கு இரயில் வந்தது 1929-இல்தான். ஆகவே தாது வருடத்தில் இருப்புப்பாதை நிலையத்துக்கும் கொடும்பாளூர் போன்ற ஊர்களுக்கும் இடையே இருந்தது மாட்டுவண்டி ஒன்றே. பஞ்சத்திலே மாட்டுக்கு வைக்கோல் ஏது, தண்ணீர் ஏது? மனிதனுக்கு முன்னே மாடு விழுந்தது. மாடு விழுந்ததும் வண்டி நின்றது. வண்டி நின்றதும் நிலையத்துக் குவியல் நிலையத்திலேயே கிடந்தது. பஞ்ச நிவாரணத்தின் கடைசிச் சில மைல்கள்தாம் எப்போதும் கடினமானவை. கடலைக் கடப்பது எளிது. ஒற்றையடிப் பாதையைக் கடப்பது அரிது.

அக்காலத்து உலக உதவி எப்படி வந்தது? 1877 ஆகஸ்டில் சென்னையில் கூட்டம் கூடி இலண்டனுக்கு வேண்டுகோள் விடுத்தனர். இலண்டன் மேயரின் மாளிகையில் நிதி திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் நகரங்களிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. பங்கீட்டுக்கு மாவட்டந்தோறும் குழுக்கள் அமைந்தன. செயலாளராக இருந்தவர் வில்லியம் டிக்பி என்னும் இதழாசிரியர். வந்த பணத்தின் பெரும்பகுதியை அவர்கள் கஞ்சிக்குச் செலவிடவில்லை. விதை நெல் வாங்கவும், உழவு மாடு வாங்கவும், இடிந்த கூரையை வேயவும் கொடுத்தனர். கஞ்சி இன்றைக்கு உயிர் தரும், விதையும் மாடும் அடுத்த ஆண்டுக்கு உயிர் தரும் என்று கண்டனர். நூறாண்டு கழித்து உலக நிறுவனங்கள் அறிக்கை அறிக்கையாக எழுதிய பாடம் அது. டிக்பி அந்தப் பஞ்சத்தை இரண்டு பாகங்களில் எழுதியும் வைத்தார். அரசைக் குறை கூறத் தயங்கவில்லை.

சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே வெட்டப்பட்ட கால்வாய் அந்தப் பஞ்சக் கூலியால் விளைந்தது. ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. வெட்டியவர்களின் பெயரால் அன்று! பின்னர் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. 1880களில் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. எந்த அறிகுறி தோன்றினால் வேலை திறப்பது, எவருக்கு வேலையின்றியே உணவளிப்பது, எவ்வளவு அளப்பது என்றெல்லாம் எழுத்தில் வந்தது. குறைகள் பல, ஆயினும் அதிகாரியின் இரக்கத்தை நம்பியிருந்த பசி, அன்று முதல் ஒரு விதி எண்ணைச் சுட்டிக் கேட்க முடிந்தது.

சாகாதவர் பலர் நடந்தனர். திருச்சி, புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே தொண்டி, பாம்பன் முதலிய துறைகளை அடைந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் போயினர். வழியிலே விழுந்தோர்க்குக் கணக்கில்லை. சோறு மக்களைத் தேடி வராதபோது மக்கள் சோற்றைத் தேடிப் போயினர். இலங்கையின் காப்பியும் தேயிலையும் அப்படித்தான் ஆள் பெற்றன. இந்த வழியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம்.

விடுதலைக்குப் பின்னும் கலம் நம் கையில் இல்லை. 1951-இல் அமெரிக்கா இருபது இலட்சம் டன் தானியத்துக்குக் கடன் தந்தது. 1954-இல் அந்நாடு இயற்றிய பொதுச் சட்டம் 480, மிகுந்துபோன கோதுமையை வெளிநாடுகளுக்குத் தள்ள வழி வகுத்தது. 1956-இல் இந்தியா ஒப்பந்தம் செய்தது. விலையை ரூபாயில் தரலாம் என்பது கேட்க இனித்தது. அமெரிக்க உழவனுக்கு விலை காத்தது, அமெரிக்கக் கப்பலுக்குச் சரக்கு தந்தது, அமெரிக்க அரசுக்குப் பிடி தந்தது அந்தச் சட்டம். நம் அடுப்புக்கும் ஏதோ தந்தது, மறுக்கவில்லை. தமிழகப் பள்ளிகளின் மதிய உணவுக்கே 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உணவுப் பொருள் தந்து உதவியது. 1965, 1966 ஆகிய ஈராண்டும் மழை பொய்த்தபோதுதான் பிடியின் வலிமை தெரிந்தது. 1966-இல் ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் வெளியிலிருந்து வந்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன், கப்பல்களை மாதத்துக்கு மாதம் அளந்து அவிழ்த்தார். வேளாண்மைக் கொள்கையை மாற்றினீர்களா என்று ஒரு கண், வியட்நாம் போரைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று ஒரு காது. கப்பல் கரை சேர்ந்தால்தான் ஊரில் உலை கொதிக்கும் என்ற நிலையில், நாவுக்கும் பூட்டுப் போட முயன்றனர்.

அந்தக் காலத்திலேதான் நம் கிடங்குகள் எழுந்தன. 1965 சனவரியில் இந்திய உணவுக் கழகம் அமைந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில் திறந்தது. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மாநிலம் முழுதும் விரிக்கப் பணம் இடங்கொடுக்கவில்லை என்பதும் வரலாறு. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. தெருக்கோடிப் பங்கீட்டுக் கடையும் குடும்ப அட்டையும் வந்த பின், புயலடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அரிசி எந்த வழியே போகும் என்று புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஓடும் வாய்க்காலில்தான் வெள்ள நாளிலும் நீரைத் திருப்ப முடியும்.

உலகளவில் அந்த வாய்க்காலை வெட்ட 1961-இல் ஐக்கிய நாடுகள் அவை எடுத்த முயற்சியே உலக உணவுத் திட்டம். 2020-இல் அமைதிக்கான நோபல் பரிசு அதற்குக் கிடைத்தது. அதன் வேலை செய்யும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதற்கென்று வரி வாங்கும் உரிமை இல்லை. முழுதும் நாடுகளும் தனியாரும் தரும் நன்கொடை. எங்கோ பஞ்சமென்றால் முதலில் எண்ணுவோர் போகின்றனர்: எத்தனை பேர், எத்தனை நாளுக்கு, அருகே எந்தச் சந்தையில் தானியம் கிடைக்கும்? பிறகு வேண்டுகோள். பணமோ பொருளோ வந்ததும் கப்பல். துறைமுகத்திலே மொத்தமாக வந்த கோதுமையை மூட்டை பிடிப்பது. புழுவும் ஈரமும் தாக்காமல் கிடங்கிலே காப்பது. பெரிய கிடங்கிலிருந்து சிறிய கிடங்குக்கு. அங்கிருந்து சரக்குந்தில், சாலை முடிந்த இடத்திலே கழுதையில், ஒட்டகத்தில், தோளில். போர் நடக்கும் நாட்டிலே ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் துப்பாக்கியோடு ஒருவன் நிற்பான். வானூர்தியிலிருந்து மூட்டை வீசுவதைப் படத்தில் காண்கிறோம். அதைவிடச் செலவு மிகுந்த வழி வேறில்லை. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்வது அது.

கொடுப்போர் பொருளாகவே கொடுத்தால் வரும் இடர் இன்னொன்று. அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டு உணவுதவியில் பாதியளவேனும் அந்நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் செல்ல வேண்டும். கட்டணம் கூடும், மாதங்கள் ஓடும். அதற்குள் குழந்தை காத்திருக்குமா? ஆகவே பக்கத்து நாட்டிலே வாங்கிக் கொடுப்பதும், சந்தை இயங்கும் இடத்தில் பணமாகவே கொடுப்பதும் பெருகி வந்துள்ளன. டிக்பியின் குழு கண்ட உண்மையைத்தான் சுற்றி வளைத்துக் கண்டிருக்கின்றனர். நன்கொடையை மட்டும் நம்பிய கலம் எந்நேரமும் கவிழலாம் என்பதும் தெரிந்தது: அத்திட்டத்தின் வருவாயில் ஏறத்தாழ பாதியைத் தந்துவந்த அமெரிக்கா, 2025-இல் தன் பன்னாட்டு உதவி நிறுவனத்தையே கலைத்தது.

நமது கடற்கரையும் ஒருமுறை உலகின் கண்ணில் பட்டது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. லாரி லாரியாக வந்தது பழந்துணி. எடுப்பாரின்றிச் சாலையோரம் மலைமலையாகக் கிடந்தது. வேண்டியதைக் கேட்காமல் வேண்டாததைக் கொட்டுவது ஈகை அன்று, வீட்டைக் காலி செய்வது. அதைவிட வெட்கக்கேடு ஒன்று: ஒதுக்கப்பட்ட சாதியார்க்கு முகாமிலும் ஒதுக்கிடமே கிடைத்தது என்று அன்று ஆய்ந்தோர் எழுதினர். அலைக்குச் சாதி தெரியவில்லை, அரிசி அளந்த கைகள் சிலவற்றுக்குத் தெரிந்தது! ஐம்பது துறவிகளுக்குப் பதினோரு ஊர் எழுதிய கல், நம் மனத்திலும் கிடக்கிறது போலும்.

2022-இல் இலங்கை நொடித்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் பால் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். தமிழ்நாடு உதவ முன்வந்தது. ஆனால் மாநிலம் நினைத்தவுடன் கடல் கடந்து கொடுத்துவிட முடியாது. வெளியுறவு ஒன்றிய அரசின் கையில். ஆகவே ஏப்ரல் 29-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றி ஒப்புதல் கேட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, உயிர்காக்கும் மருந்துகள் என்பது திட்டம். மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது: 9,000 டன் அரிசி, 200 டன் பால் மாவு, 24 டன் மருந்து. அடுத்த கப்பல் சூனில் தூத்துக்குடியிலிருந்து போயிற்று. தமிழர்க்கு மட்டும் என்று பிரிக்காமல் இலங்கை மக்கள் அனைவர்க்கும் என்று கொடுக்கப்பட்டது. இந்தியத் தூதரகம் இலங்கை அரசிடம் ஒப்படைக்க, மாவட்டந்தோறும் பங்கீடு நடந்தது.

தாது வருடத்தில் நடந்து போனவர்களின் கொள்ளுப் பேரர்கள் வாழும் நுவரெலியாத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் அந்த மூட்டைகள் மலையேறிச் சென்றன.